முப்பத்திரண்டு தீப்பெட்டிகள்

அன்பு மகனுக்கு,

உன் கடிதமும் அதற்குள் நாலாக மடித்து வைத்திருந்த வரைபடமும் போன வாரம் புதன்கிழமை கிடைத்தன. ஓய்வு பெற்று இரண்டு வருஷம் ஆகியும் தானா ராத்தா தபாலாபீஸுக்கு பஸ் ஏறிப் போய் நம் வீட்டுத் தபாலை நானேதான் எடுத்து வருகிறேன். தேயிலை எஸ்டேட்டுத் தபால் பையை அத்தனை வருஷம் தோளில் மாட்டிய ஆளுக்கு, வேறொருத்தன் கொண்டுவந்து நீட்டினால் அது கடிதம் மாதிரியே தெரிவதில்லை. பஸ் ஸ்டாண்டிலேயே உட்கார்ந்து பிரித்தேன். ஈப்போவில் தாமான் குடியிருப்பில் வீடு வாங்கி ஆறு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் குடியிருப்போர் சங்கத்துக்கு உன்னைச் செயலாளராகப் போட்டுவிட்டார்கள் என்று எழுதியிருந்தாய். எனக்குக் கால் தரையில் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த சீனக் கிழவரிடம் உன் கையெழுத்தைக் காட்டி, என் மகன் என்று மலாயில் சொன்னேன். அவருக்கு ஒரு எழுத்தும் புரிந்திருக்காது, ஆனால் தலையை நன்றாகவே ஆட்டினார்.

வீட்டுக்கு வந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரைபடத்தைப் பார்த்தேன். அழகாக வரைந்திருக்கிறாய். உங்கள் தெருக்கள், விளையாட்டுத் திடல், மழைநீர் வாய்க்கால், வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் நகராட்சி கட்டப்போகிற மலிவு வீடுகள், எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கின்றன. ரயில் பாதை ஓரத்துக் குடிசைகளிலிருந்து கிளப்புகிறவர்களை அங்கே கொண்டுவந்து வைக்கப்போகிறார்கள், அதைப் பற்றிச் சங்கத்தின் கருத்தைக் கேட்டிருக்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். அதற்காகத்தான் வாய்க்கால் நெடுக அந்தச் சிவப்புப் பென்சில் கோடு. அந்தக் கோட்டில் எட்டடிச் சுவர் எழுப்ப வேண்டும், திடலுக்கு வருகிற ஒற்றையடிப் பாதையை மூட வேண்டும், இதுதான் உங்கள் தீர்மானம். "எல்லாரும் ஒரே மனசா கையெழுத்துப் போட்டுட்டாங்கப்பா" என்று எழுதிவிட்டு, கீழே இன்னொரு வரியும் சேர்த்திருந்தாய். "நம்ம புது லயம் கட்டுனப்ப எல்லாத்தையும் நீங்கதானே திட்டம் போட்டீங்க. இது சரியா இருக்கான்னு பாத்து சொல்லுங்க."

அந்தக் கடைசி வரியால்தான் பதில் எழுத எனக்கு இத்தனை நாள் ஆனது. உன் அம்மா தினமும் கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு, "இன்னுமா எழுதல? புள்ள காத்துக்கிட்டு இருக்கும்லா" என்று கேட்டாள். மை தீர்ந்துபோச்சு என்றேன். மறுநாள் அவளே கடையில் ஒரு பேனா வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். இனிமேல் தப்பிக்க வழியில்லை. புது லயத்துக்கு நான் எப்படித் திட்டம் போட்டேன் என்று உனக்கு இதுவரை யாரும் சொன்னதில்லை. நானும் சொன்னதில்லை. நீ செயலாளர், எனவே உனக்குச் சொல்லியாக வேண்டும். கொஞ்சம் நீளமாகத்தான் வரும், உட்கார்ந்து படி.

பழைய லயம் உனக்கு அரைகுறையாகத்தான் நினைவிருக்கும். வரிசையாகப் பலகை வீடுகள், மேலே தகரம். இரண்டு வீட்டுக்கு நடுவில் ஒரே ஒரு பலகைச் சுவர். அந்த வீட்டில் கடுகு தாளித்தால் இந்த வீட்டில் தும்மல் வரும். புருஷன் பெண்டாட்டி சண்டை போட்டால் பஞ்சாயத்துக்கு ஆள் தேட வேண்டாம், பக்கத்து வீட்டிலிருந்தே தீர்ப்பு வந்துவிடும். அந்தச் சுவரைச் சபிக்காத ஆள் கிடையாது. ஆனால் அதே சுவரில்தான் எங்கள் பேச்சு வார்த்தையெல்லாம் நடந்தது. இரண்டு தட்டுத் தட்டினால், "கொஞ்சம் வாறியா?" என்று அர்த்தம். விடாமல் தட்டிக்கொண்டே இருந்தால் ஆபத்து என்று அர்த்தம். அடுப்பில் என்ன இருந்தாலும் போட்டது போட்டபடி ஓட வேண்டும், அது அங்கே எழுதாத சட்டம்.

நமக்கு அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் அஞ்சலை அத்தை. இப்போது பக்கத்து வீட்டில் ஒரு காலை இழுத்து இழுத்து நடக்கிற அத்தையைத்தான் உனக்குத் தெரியும். அப்போது அவள் ஆயாக் கொட்டகையில் வேலை பார்த்தாள். தாய்மார்கள் மலையேறிய பிறகு லயத்துப் பிள்ளைகள் அத்தனை பேரும் அவள் கட்டிய தூளியில்தான் தூங்குவார்கள். உனக்கு மூன்று வயதில் காய்ச்சலில் வலிப்பு வந்தது. நான் தபால் எடுக்கப் போயிருந்தேன். உடம்பு சரியில்லை என்று அத்தையும் அன்றைக்கு வேலைக்குப் போகாமல் படுத்திருந்தாள். உன் அம்மா பயந்துபோய் இரண்டு கையாலும் சுவரைத் தட்டியிருக்கிறாள். அத்தை எழுந்து வந்து, உன்னை ஈரத் துணியில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு, எஸ்டேட் ஆஸ்பத்திரி வரைக்கும் மேட்டில் ஓடினாள். நான் திரும்பி வந்தபோது நீ அவள் மடியில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாய். அவள் இருமிக்கொண்டிருந்தாள். அது என்ன இருமல் என்று அன்றைக்கு யாருக்கும் தெரியாது.

பிறகு தெரிந்தது. சயரோகம் என்று டவுனுக்கு அனுப்பினார்கள், ஒரு வருஷத்துக்கு மேல் அங்கேயே வைத்திருந்தார்கள். திரும்பி வரும்போது குணமாகிவிட்டது, யாருக்கும் ஒட்டாது என்று டாக்டர் எழுதிய சீட்டைக் கையோடு கொண்டுவந்தாள். இங்கிலீஷில் இருந்ததால் என்னைத்தான் படிக்கச் சொன்னார்கள். நான்தான் லயத்து வாசலில் நின்று சத்தமாகப் படித்துத் தமிழில் சொன்னேன். எல்லாரும் கேட்டார்கள். மறுநாள் ஒரு தாய்கூடக் கொட்டகையில் பிள்ளையை விடவில்லை. அத்தையைப் புல்வெட்டுக்கு மாற்றினார்கள். புருஷன் அதற்கு முன்பே கைவிட்டுப் போயிருந்தான், பிள்ளையும் கிடையாது. ஊர்ப் பிள்ளைகளைத் தூக்கிய கைக்கு அதற்குப் பிறகு களைக்கொத்துதான்.

அந்தச் சமயத்தில்தான் புதுத் துரை வந்தார். இளவயசு, நல்ல மனுஷன். பலகை வீடுகளை இடித்துவிட்டுச் செங்கல்லில் புது லயம் கட்டப் போகிறோம், நாலு வரிசை, வரிசைக்கு எட்டு வீடு, யார் எங்கே இருப்பது, குழாய் எங்கே, துணி துவைக்கிற கல் எங்கே, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிற படி எங்கே என்பதெல்லாம் இருக்கப்போகிறவர்களே சொல்லட்டும் என்றார். இப்படி ஒரு துரை கேட்டு எங்கள் அப்பன் பாட்டன் காலத்தில்கூடக் கேள்விப்பட்டதில்லை. ஆபீஸில் ஒரு பெரிய பலகையில் மேடு பள்ளமெல்லாம் பச்சைச் சாயத்தில் வரைந்து, அதன் மேல் முப்பத்திரண்டு காலித் தீப்பெட்டிகளை வைத்தார். முப்பத்தொரு குடும்பம், ஒன்று மட்டும் உரமும் மண்வெட்டியும் போட்டு வைக்கிற சாமான் கொட்டாய். எல்லாரும் வந்து அவரவர் பெட்டியை எடுத்து வேண்டிய இடத்தில் வைக்கலாம் என்றார்.

வந்தார்கள், ஆனால் ஒருத்தரும் தொடவில்லை. துரை மேசையில் இருக்கிற பொருளை எப்படித் தொடுவது? தலைத்துணியை அவிழ்த்து அக்குளில் வைத்துக்கொண்டு தள்ளி நின்று பார்த்துவிட்டு, "தொர வெச்ச எடத்துலேயே இருக்கட்டுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். துரைக்கு முகம் வாடிவிட்டது. என்னைக் கூப்பிட்டு, நீ அவர்களில் ஒருத்தன், தனித்தனியாகக் கேட்டு நீயே அடுக்கி வை என்றார். அன்று சாயந்திரம் உன் அப்பனுடைய நடையே மாறிவிட்டது என்று உன் அம்மா இன்றைக்கும் கேலி பண்ணுவாள்.

தனியாகக் கேட்க ஆரம்பித்ததும்தான் வாய்கள் திறந்தன. குழாயைப் பற்றி, படியைப் பற்றி ஒருத்தரும் பேசவில்லை. எல்லாரும் ஒரே விஷயத்துக்குத்தான் வந்தார்கள். "அண்ணே, யாரு பக்கத்துல வேணும்னாலும் போடுங்க, அவங்க பக்கத்துல மட்டும் வேணாம்ணே." கன்னியப்பன் வீட்டுக்கும் வேலு வீட்டுக்கும் ஒரு சவ்சவ் கொடியில் சண்டை. கொடி இவன் பந்தலில் ஏறி அவன் கூரையில் காய்த்துவிட்டது. கன்னியப்பன் ஃபாக்டரிக்குப் பின்னால் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்த முனைல அவன வைங்க, இந்த முனைல என்னைய வைங்க, நடுவுல மலையே இருந்தாலும் பரவால்லலா" என்றான். நானும் அப்படியே வைத்தேன். யாருக்கு யாரோடு ஆகாது என்று ஒரு நோட்டில் எழுதி, அதை வைத்தே இருபத்தொன்பது பெட்டிகளை அடுக்கினேன். இதில் பெரிய கெட்டிக்காரத்தனம் வேறு எனக்கு. செங்கல் வந்து, கட்டி முடிக்க இரண்டு வருஷம் ஆனது. அதற்குள் கன்னியப்பன் மகளை வேலு தம்பிக்குப் பேசி முடித்துவிட்டார்கள். சம்பந்திகள் இரண்டு பேரும் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் குழம்புச் சட்டியைத் தூக்கிக்கொண்டு மழையில் நடந்தபோது என்னைத் திட்டிய திட்டு இருக்கிறதே, அதை இங்கே எழுத முடியாது. சண்டைக்கு ஆயுசு குறைவு, செங்கல்லுக்கு ஆயுசு அதிகம். இது அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை.

அது சிரித்துவிட்டுப் போகிற தப்பு. இனிமேல் சொல்லப்போவது அப்படியில்லை. அந்த நோட்டில் ஒரு பெயர் திரும்பத் திரும்ப வந்தது. யாரும் கோபமாகச் சொல்லவில்லை. குரலை இறக்கி, தரையைப் பார்த்து, கொஞ்சம் வெட்கத்தோடு சொன்னார்கள். "அஞ்சலை பாவந்தான். ஆனா புள்ளைங்க இருக்கு பாருங்க." ஒரே ஒரு ஆள் மட்டும் மாற்றிச் சொன்னது. உன் அம்மா. உன் தங்கச்சி அப்போது கைக்குழந்தை. அவளைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே, "நம்ம பொட்டிய அஞ்சலை பொட்டிக்கு ஒட்டுனாப்புல வைங்க. செவுத்துக்கு அந்தாண்ட அவ இல்லாட்டி எனக்குத் தூக்கம் வராது" என்றாள். சரி என்று தலையாட்டினேன்.

மறுநாள் ஆபீஸில் பலகை முன்னால் நின்றபோது கையில் மூன்று பெட்டிகள் மிச்சம் இருந்தன. நம் வீடு, அத்தை வீடு, சாமான் கொட்டாய். டாக்டர் சீட்டை ஊருக்கே படித்துக் காட்டிய அதே ஆள்தான் நான். ஊருக்குத்தான் உபதேசம். உன் தங்கச்சியின் இருமல் ஒன்று அன்று காலையில் கேட்டிருந்தேன், சாதாரணச் சளிதான். நான் அத்தை பெட்டியைக் கடைசி வரிசையின் கடைசி முனையில் வைத்தேன். அதற்குப் பக்கத்தில் சாமான் கொட்டாயை வைத்தேன். நம் பெட்டியை இரண்டாவது வரிசையில் குழாய்க்குக் கிட்டத்தில் வைத்தேன். உன் அம்மாவிடம், துரை அப்படிப் போட்டுவிட்டார் என்று சொன்னேன். துரையிடம், எல்லாருக்கும் சம்மதம் என்று சொன்னேன். உன் கடிதத்தில் "ஒரே மனசா" என்ற வார்த்தையைப் படித்தபோது நான் ஏன் அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன் என்று இப்போது புரிகிறதா?

அத்தை எல்லாருக்கும் கடைசியாக வந்து ஆபீஸ் வராந்தாவிலேயே நின்றாள். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. அங்கிருந்தே எது தன் பெட்டி என்று கேட்டாள். விரலைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தாள். பக்கத்தில் இருப்பது யார் வீடு என்று அவள் கேட்கவே இல்லை. "கடேசி வூடுன்னா காத்து நல்லா வரும்ண்ணே" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். என் வேலையை அவளே எனக்குச் சுலபமாக்கிக் கொடுத்தாள்.

புது லயத்துக்குப் போன வருஷம், தீபாவளி முடிந்த அடை மழைக் காலம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பாதிப் பேர் ரிங்லெட்டில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்த நேரம், அத்தை அடுப்படியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து கிடந்தாள். எழுந்திருக்க முடியவில்லை. கத்திப் பார்த்திருக்கிறாள், தகரத்தில் விழுகிற மழைச் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? அப்படியே சுவர் ஓரமாக ஊர்ந்து போய், கைக்குக் கிடைத்த அகப்பையால் தட்டியிருக்கிறாள். விடாமல் தட்டியிருக்கிறாள். சுவருக்கு அந்தப் பக்கம் உர மூட்டைகள் இருந்தன.

திங்கட்கிழமை காலை வேலைக்கு ஆள் கணக்கெடுக்கிற பெரட்டில் பெயர் கூப்பிட்டபோது அஞ்சலை பெயருக்குப் பதில் இல்லை. உன் அம்மா மலைக்குப் போகிற லோரியில் ஏறப்போனவள் இறங்கி என்னிடம் ஓடிவந்து, "அஞ்சலை வரலீங்க. போற வழிதான, ஒரு எட்டு எட்டிப் பாத்துட்டுப் போங்க" என்றாள். இதுவரைக்கும் உனக்குத் தெரிந்த கதை இதுதான்: நான் பஸ் பிடிக்க வேறு வழியில் போய்விட்டேன், பத்து மணிக்குக் கொழுந்து நிறுவைக்கு வந்த உன் அம்மாவுக்கு மனசு கேட்காமல் மலையிலிருந்து ஓடிப்போய்க் கதவைத் தள்ளித் திறந்தாள், அத்தையைக் கண்டாள். போன ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் உன் அம்மாவுக்கும் அதுதான் தெரியும்.

நான் வேறு வழியில் போகவில்லை. அத்தை வீட்டு வாசல் வழியாகத்தான் போனேன். கதவு சாத்தியிருந்தது. சாமான் கொட்டாயைத் தாண்டும்போது தட்டுகிற சத்தம் கேட்டது. மெதுவாக, விட்டு விட்டு. நின்றேன். கொட்டாய்க்குள் யாரோ சாமான் எடுக்கிறார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கொட்டாயின் ஒரே சாவி என் சட்டைப்பையில் இருந்தது. அதை நான் அன்றைக்குக் கையால் தொட்டுக்கூடப் பார்த்தேன். தெரிந்தேதான் போனேன். அவள் புது வீட்டுக்குள் நான் ஒரு நாளும் காலடி வைத்ததில்லை. உள்ளே இரத்தம் கக்கிக்கொண்டு கிடப்பாளோ, தூக்க வேண்டி வருமோ, அந்த மூச்சுக் காற்று என்மேல் படுமோ என்ற பயம். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று ஒரு சாக்கு. நடந்துவிட்டேன். அதற்குப் பிறகு அவள் அந்தச் சிமெண்டுத் தரையில் இன்னும் மூன்று மணி நேரம் கிடந்தாள்.

அத்தை பிழைத்தாள், ஒரு கால் ஊனமாகிவிட்டது. அவளை ஆஸ்பத்திரி வண்டியில் ஏற்றி அனுப்பிய அந்த வாரமே லயத்துப் பெண்கள் எல்லாரும் சேர்ந்து துரை ஆபீஸுக்குப் போனார்கள். தள்ளி நின்று தலையாட்டியவர்கள்தான். இந்த முறை கன்னியப்பன் பெண்டாட்டி நேராகப் பலகைக்கிட்டப் போய், சாமான் கொட்டாய்ப் பெட்டியைக் கையால் எடுத்து மேசைக்குக் கீழே போட்டாள். "இது இங்க வேணாங்க தொர. இங்க மனுசங்க இருக்கணும்" என்றாள். ஞாயிற்றுக்கிழமை கோத்தோங் ரோயோங், எல்லாரும் சேர்ந்து செய்கிற கூட்டு வேலை என்று சொல்லி, பெண்களும் ஆண்களுமாக உர மூட்டைகளைத் தூக்கிக் கீழே ரோட்டோரத்துக்குக் கொண்டுபோய், நாலே நாளில் அங்கே தகரத்தில் ஒரு கொட்டாய் போட்டார்கள். அப்புறம் அவரவர் வாசலுக்கும் குழாய்க்கும் படி எங்கே வேண்டும் என்பதை அவர்களே கயிறு பிடித்து அளந்து வெட்டினார்கள். அந்தப் படியில்தான் நீ பள்ளிக்கூடம் போனாய். துரை கேட்டது இதைத்தான். அவருக்கு அது கிடைக்க ஒரு மனுஷியின் இடுப்பு முறிய வேண்டியிருந்தது.

காலியான கொட்டாய்க்கு யார் குடி போவது என்று துரை கேட்டபோது உன் அம்மா கையைத் தூக்கினாள். என்னைக் கேட்கவில்லை. குழாய்க்கிட்ட இருந்த நல்ல வீட்டை விட்டுவிட்டு நாம் ஏன் அந்த நாற்றம் பிடித்த வீட்டுக்கு வந்தோம் என்று நீ மூக்கைப் பொத்திக்கொண்டு அழுதது நினைவிருக்கிறதா? எத்தனை முறை கழுவினாலும் உர வாசனை போக ஒரு வருஷம் ஆனது. இடம் பெரிசுடா என்று சொல்லி அம்மா உன்னைச் சமாளித்தாள். காரணம் இதுதான்.

அதற்குப் பிறகு இத்தனை வருஷமும் அத்தை நமக்குப் பக்கத்து வீடு. சுவரில் தட்டு கேட்டால் உன் அம்மா போவாள், நீ போவாய், உன் தங்கச்சி போவாள். நான் மட்டும் போனதில்லை. கவனித்திருக்கிறாயா? அந்தச் சத்தம் கேட்டால் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவேன்.

உன் வரைபடம் வந்த பிறகு இதை உனக்கு எழுதுவதற்கு முன்னால் அவளிடம் சொல்லியாக வேண்டும் என்று தோன்றியது. அவளுக்குத் தெரியாததை உனக்கு எழுதுவது முறையில்லை. போன ஞாயிற்றுக்கிழமை உன் அம்மா கோயிலுக்குப் போயிருந்தாள். அத்தை வாசலில் உட்கார்ந்து சவ்சவ் நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் எதிரில் போய் நின்றேன். தலைத்துணியை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு துரை முன்னால் நிற்கிற மாதிரி நின்றேன். "அஞ்சல, ஒன்னு சொல்லணும். நீ விழுந்து கெடந்த அன்னைக்கிக் காலைல, நான் இந்த வழியாத்தான் போனேன்" என்றேன்.

கத்தியை நிறுத்தாமலே, "தெரியும்ண்ணே" என்றாள்.

"என்னா தெரியும்?"

"அப்ப ஒங்க எடது கால் பூட்ஸு ஓட்ட. மழைனா சளக்கு சளக்குனு வரும். லயத்துக்கே தெரியும்லா. அன்னைக்கும் வந்துச்சு. கொட்டாய்க்கிட்ட நின்னுச்சு. அண்ணன் நின்னுட்டாருன்னு இன்னும் நாலு தட்டுத் தட்டுனேன். அப்பறம் போயிருச்சு."

அவள் பக்கத்திலேயே படியில் உட்கார்ந்தேன். இத்தனை வருஷமாக ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டேன். "அண்ணிகிட்ட சொன்னா அவங்க ஒங்கள சும்மா வுட மாட்டாங்க. புள்ளைங்க வேற இருக்கு. எதுக்கு சூசா, வீண் தொல்ல?" என்றாள். பிறகு காயைத் தண்ணீரில் அலசிக்கொண்டே, "பயந்துட்டீங்க. எல்லாரும்தான் பயந்தாங்க. ஆனா நீங்க நின்னீங்கள்ல, அதான்ணே எனக்கு ஆறல" என்றாள். திட்டவில்லை, அழவுமில்லை. நான்தான் அழுதேன். இந்த வயதில், பட்டப்பகலில், லயத்து வாசலில். அவள் சட்டியைத் தூக்கிக்கொண்டு எழுந்து, "கொழம்பு வெச்சிட்டுத் தட்டுறேன், வந்து வாங்கிக்கிடலாம்" என்று உள்ளே போனாள்.

மத்தியானம் சுவரில் இரண்டு தட்டு கேட்டது. உன் அம்மா எழுந்தாள். நீ உட்காரு என்று சொல்லிவிட்டு நான் போனேன். அவள் வீட்டு அடுப்படிக்குள் முதல் முறையாகப் போனேன். சட்டியை என் கையில் கொடுத்துவிட்டு, "சூடு, துணி வெச்சுப் புடிங்க" என்றாள். உன் அம்மாவிடம் அன்று சாயந்திரமே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மூன்று நாளாக அவள் என்னிடம் பேசவில்லை. இதை எழுதும்போதுகூட எதிரில் உட்கார்ந்துதான் இருக்கிறாள், தேநீர் மட்டும் வந்தது. அது எனக்கு வேண்டியதுதான்.

மகனே, உங்கள் தாமான்காரர்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. எங்கள் லயத்துக்காரர்களும் கெட்டவர்கள் இல்லை, நானும் இல்லை. பிள்ளைகள் இருக்கு பாருங்க என்று சொன்னவர்கள் பிள்ளைகளுக்காகத்தான் சொன்னார்கள். உன் தெருவில் திருட்டுப் போகும், சத்தம் வரும் என்கிறவர்களுக்கும் ஏதோ பயம். பயப்படுகிறவனைத் திட்டி ஒன்றும் ஆகப்போவதில்லை. ஆனால் எல்லாருடைய பயத்தையும் ஒரு நோட்டில் எழுதி, அதையே கோடாகப் போட்டு, எல்லாருக்கும் சம்மதம் என்று மேலே அனுப்புகிறவன் செயலாளர். அந்தக் கை உன் கை. நான் அந்த வேலையைப் பார்த்தவன், அதனால்தான் சொல்கிறேன். எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள் என்கிறாய். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் வரப்போகிறவர்களில் ஒரு ஆளையாவது கேட்டாயா? அவர்கள் இன்னும் ரயில் பாதை ஓரத்தில்தானே இருக்கிறார்கள், சைக்கிளில் போனால் எவ்வளவு நேரம் ஆகும்?

வரைபடத்தை இதோடு திருப்பி அனுப்புகிறேன். சிவப்புக் கோட்டை நான் அழிக்கவில்லை. அது நீ போட்ட கோடு, அதைத் தொடுகிற உரிமை எனக்கு இல்லை. நகராட்சிக்கு அனுப்புவதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை எடுத்துக்கொண்டு அங்கே போ. ஏதாவது ஒரு வீட்டுக் கதவைத் தட்டு. இன்னார் மகன், இன்ன தாமான் என்று சொல்லி, படத்தைத் தரையில் விரித்து, இது உங்கள் வீடு, இது எங்கள் வீடு, நடுவில் இது என்று விரலை வைத்துக் காட்டு. அவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டே அதைச் சொல்ல உன்னால் முடிந்தால் அப்புறம் மேலே அனுப்பு. நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.

தைப்பூசத்துக்கு நாங்கள் அங்கே வருகிறோம். அஞ்சலை அத்தையும் வருகிறாள், உன் புது வீட்டைப் பார்க்க வேண்டுமாம். உன் வீட்டில் எத்தனை அறை, தரைக்கு என்ன போட்டிருக்கிறாய் என்றெல்லாம் உன் அம்மா முன்பே எழுதிக் கேட்டிருப்பாள். அத்தை கேட்டது ஒன்றே ஒன்றுதான், மறக்காமல் பதில் எழுது. அவளுக்குப் படுக்கை போடுகிற அறையில், பக்கத்து வீட்டுச் சுவர் எந்தப் பக்கம் வருமாம்?

உன் அப்பா